வீட்டிலிருந்தே பத்தாம் வகுப்பு: படிப்பும் தேர்வும்

(திருவண்ணாமலையில் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோர், உழவர்கள், மகளிர் குழுவினர் ஆகியோருக்கு நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



காலை முதல் குடிநீர், தெருவிளக்கு, குப்பை அகற்றல், வீடு கட்டும் திட்டம் ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசினோம். அவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் காரியங்கள். தொட்டி கசிந்தால் மறுநாளே என் அலுவலக வாயிலில் நாலு பேர் வந்து நிற்கிறார்கள். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் ஒன்பதாம் வகுப்போடு, அல்லது பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் தவறியதோடு, படிப்பை நிறுத்திவிட்டு வீட்டிலும் வயலிலும் இருப்போர் இருக்கிறார்களே, அவர்களுக்காக இதுவரை எவரும் என் வாயிலுக்கு மனுக் கொண்டு வந்ததில்லை. ஆகவே அவர்களைப் பற்றி நானே பேச எடுத்துக்கொண்டேன்.

பேச எடுத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊராட்சியில் மகளிர் குழுவின் கணக்கை எழுதிவந்த ஓர் அம்மையாரை நான் அறிவேன். ஊரையும் பெயரையும் சொல்லப் போவதில்லை. குழுவின் வரவுசெலவுப் பேரேட்டை அவர் எழுதியது போல் எங்கள் அலுவலக எழுத்தரில் பலர் எழுதமாட்டார்கள். படிப்போ ஒன்பதாம் வகுப்பு. அங்கன்வாடி உதவியாளர் வேலைக்கு அறிவிப்பு வரும் என்று ஊரில் பேச்சு எழுந்தது. அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். அப்போது ஒரு தரகர் வந்து, “அம்மா, பள்ளிக்கூடம் போகவேண்டாம், தேர்வு மண்டபமும் வேண்டாம், வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் தேர்வு எழுதலாம், இரண்டே மாதத்தில் சான்றிதழ்” என்று கூறினார். அம்மையார் காதில் இருந்ததை அடகு வைத்து, 18,000 ரூபாய் கொடுத்தார். ஒரு நாள் கைப்பேசியில் இருபது கேள்விகள் வந்தன. தொட்டுத் தொட்டு விடை கொடுத்தார். ‘வாரியம்’ என்ற சொல்லோடு முடியும் நீண்ட பெயரும் பொன்னிற முத்திரையும் உடைய சான்றிதழ் ஒன்று தபாலில் வந்து சேர்ந்தது.

அதன் நகலை எடுத்துக்கொண்டு அவர் என்னிடம் வந்தார். மூலத்தோடு ஒப்பிட்டேன், எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது, சான்றொப்பமிட்டேன். அந்த வாரியம் எது, அதற்கு அங்கீகாரம் கொடுத்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. நகல் சரியா என்று பார்ப்பதுதான் சான்றொப்பமிடுபவனின் கடமை என்று சட்டம் பேசலாம். சான்றிதழ்ச் சரிபார்ப்பில் அது செல்லாது என்று தள்ளப்பட்டபோது அந்த அம்மையார், “ஐயா, நீங்களே கையெழுத்துப் போட்டீர்களே” என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. அதன் பிறகுதான் இந்த விஷயத்தை நான் உட்கார்ந்து படித்தேன். படித்து அறிந்ததை உங்களிடம் வைக்கிறேன்.

வீட்டிலிருந்தபடியே இணைய வழியில் தேர்வெழுதுவது என்பது முழுப் பொய்யும் அன்று. அதனால்தான் மக்கள் ஏமாறுகிறார்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அப்படி ஒரு தேர்வு உண்மையாகவே இருக்கிறது. 1942ஆம் ஆண்டில், பள்ளிப் படிப்பை முடிக்காமல் போர்க்களம் போன வீரர்களுக்காக அது தோன்றியது. ஊர் திரும்புகிறவர்களை மீண்டும் சிறுவர்களோடு பெஞ்சில் உட்காரச் சொல்ல முடியுமா? ஆகவே பள்ளியில் படித்தால் எவ்வளவு அறிவு வந்திருக்குமோ, அந்த அளவு இருக்கிறதா என்று மட்டும் சோதித்து, உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்கு இணையான சான்று கொடுத்தார்கள். ஜி.இ.டி. என்று அதற்குப் பெயர். பின்னர் அது போர்வீரர் அல்லாதவர்க்கும் பொதுவாயிற்று. இன்று கணக்கு, மொழி, அறிவியல், சமூக அறிவியல் என நான்கு பாடங்கள். 2020இல் பெருந்தொற்று வந்து தேர்வு நிலையங்கள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்து எழுதவும் வழி செய்தார்கள். அதிலும் கட்டுப்பாடு உண்டு. தேர்வெழுதுகிறவர் அறையில் தனியாக இருக்கவேண்டும். கணினியின் கண் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தொலைவில் ஒருவர் கண்காணித்துக்கொண்டே இருப்பார். இடையில் ஒருவர் அறைக்குள் வந்தாலும் தேர்வு நின்றுபோகலாம். இருபது கேள்விக்கு விரலால் தொட்டுச் சான்று பெறும் கதை அங்கும் இல்லை.

நம் நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை வீட்டிலிருந்து எழுதும் ஏற்பாடு கிடையாது. இதை ஒரு முறைக்கு இரு முறையாகச் சொல்கிறேன்: பாடத்தை வீட்டில் படிக்கலாம், விண்ணப்பத்தை இணைய வழியில் அனுப்பலாம், நுழைவுச் சீட்டையும் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம், ஆனால் தேர்வை மட்டும் தேர்வு மையத்துக்குப் போய், மேற்பார்வையாளர் முன்னிலையில், தாளில் எழுதியே தீரவேண்டும். “தேர்வும் வீட்டிலேயே” என்று எவரேனும் உங்கள் ஊரில் சொன்னால், அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், பணம் கொடுக்காதீர்கள்.

முறையான வழிகள் இரண்டு உள்ளன. ஒன்று நம் மாநிலத்தினுடையது. மற்றொன்று மத்திய அரசின் நிறுவனத்தினுடையது.

மாநிலத்தின் வழி தனித்தேர்வர் முறை. இது உங்களில் மூத்தவர்களுக்குப் புதிதல்ல. 1978க்கு முன் பதினோராம் வகுப்பே எஸ்.எஸ்.எல்.சி. என்றிருந்த காலத்தில் வீட்டில் படித்துத் தேர்வெழுதியவர்கள் எத்தனையோ பேர். இன்று பத்தாம் வகுப்புக்கு அந்தப் பெயர். அரசுத் தேர்வுகள் இயக்ககம் இதை நடத்துகிறது. பதினான்கரை வயது நிரம்பியவர்கள் நேரடித் தனித்தேர்வராக விண்ணப்பிக்கலாம். உயர்ந்த வயது வரம்பு என்று எதுவும் இல்லை. எட்டாம் வகுப்பையே முடிக்காதவர்களுக்கு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு வேறாக இருக்கிறது. அதற்குப் பன்னிரண்டரை வயது நிரம்பியிருக்கவேண்டும். விண்ணப்பத்தை நம் கையில் எழுதி அனுப்புவதில்லை. இயக்ககம் அறிவிக்கும் சேவை மையங்களுக்கு நேரில் சென்று, அங்கே இணைய வழியில் பதிவு செய்யவேண்டும். நாள் தவறியவர்களுக்குக் கூடுதல் கட்டணத்தோடு தக்கல் முறை உண்டு என்றாலும், அதை நம்பிச் சோம்பியிருப்பது நல்லதன்று.

தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். 35 எடுத்தால் தேர்ச்சி. இதில் அறிவியலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும், 25 மதிப்பெண் செய்முறைத் தேர்வுக்கும் உரியவை. தனித்தேர்வர்கள் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிந்து, ஒதுக்கப்பட்ட பள்ளிக்குச் சென்று பயிற்சி பெறவேண்டும். இந்தப் பதிவு, தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே நடந்து முடிந்துவிடும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டு, ஓர் ஆண்டையே இழந்தவர்கள் உண்டு. படிக்காமல் தவறுவதை மனம் தாங்கும். படித்துவிட்டு, பெயர் பதியாமல் தவறுவதைத் தாங்காது. ஆகவே கோடைக்குப் பின் பள்ளி திறந்ததுமே அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரைக் கண்டு இதைக் கேட்டுவிடவேண்டும்.

பள்ளியில் படித்தே ஒன்றிரண்டு பாடத்தில் தவறியவர்கள் ஐந்தையும் மறுபடி எழுதவேண்டும் என்று எண்ணிக்கொண்டு பயந்து கிடக்கிறார்கள். அது தவறு. அண்மையில் தவறியவர்கள் தவறிய பாடத்தை மட்டும் எழுதலாம். முடிவு வந்த சில வாரங்களிலேயே, ஜூன், ஜூலையில், துணைத்தேர்வு நடக்கிறது. பாடத்திட்டம் மாறுவதற்கு முன் எழுதியவர்கள் மட்டும் பழைய மதிப்பெண் சான்றைக் கையில் எடுத்துக்கொண்டு சேவை மையத்தில் விசாரித்து அறியவேண்டும். நம் பக்கத்தில் முடிவு வந்த மறுவாரமே பையனைப் பெங்களூர்க் கட்டட வேலைக்கு அனுப்பிவிடும் வழக்கம் இருக்கிறது. அவன் ஒரு பாடத்தில்தான் தவறியிருப்பான். துணைத்தேர்வு எழுதும் வரை ஒரு மாதம் அவனை ஊரில் நிறுத்தி வைக்க முடிந்தால் அந்தக் குடும்பத்தின் கதையே வேறு.

இரண்டாவது வழி, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1979இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஒரு சிறு முயற்சியாகத் தொடங்கி, 1989இல் தனி நிறுவனமாகி, 2002இல் இன்றைய பெயரைப் பெற்றது. இதன் தலைமை நொய்டாவில். நமக்கு உரிய மண்டல மையம் சென்னையில். பதினான்கு வயது நிரம்பியவர் எவரும், முன்பு எதுவரை படித்தார் என்ற வில்லங்கமின்றிப் பத்தாம் வகுப்புக்கு நிகரான படிப்பில் சேரலாம். சேர்க்கை இணைய வழியில். ஐந்து பாடம் போதும். நீண்ட பட்டியலிலிருந்து நாமே தேர்ந்துகொள்ளலாம். தமிழ் ஒரு மொழிப் பாடமாக உண்டு. எந்த மொழி வழியில் படிக்கிறோம் என்பதைச் சேரும்போதே குறிப்பிடவேண்டும். 33 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. வீட்டில் எழுதி ஒப்படைக்கும் பயிற்சித் தாளுக்கும் மதிப்பெண்ணில் ஒரு பங்கு உண்டு.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது ஒன்று. ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று தேர்வு. ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுதவேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். இந்தத் தடவை இரண்டு, அடுத்த தடவை ஒன்று என்று எழுதி, தேறியதைச் சேமித்துக்கொண்டே போகலாம். நம் உழவர் குடும்பத்துக்கு இது பெரிய உபகாரம். சம்பா அறுவடையில் இருப்பவளை மார்ச்சில் ஐந்து தேர்வு எழுது என்றால் எப்படி முடியும்? வேறு வாரியத்தில் எழுதித் தேறிய பாடங்களில் இரண்டு வரை, விதிக்கு உட்பட்டு, இங்கே கணக்கில் சேர்த்துக்கொள்ளவும் இடம் உண்டு. இவை தவிர, பொதுத்தேர்வு நாளுக்குக் காத்திராமல், குறித்த மையங்களில் ஒரு பாடத்தை நாம் கேட்கும் நாளில் எழுதும் ஏற்பாடும் வைத்திருக்கிறார்கள்.

இரண்டில் எது நல்லது என்று கேட்பீர்கள். எதற்காகப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மாநில அரசுப் பணியை நாடுகிறவர்களுக்கு மாநிலத் தனித்தேர்வே நேர்வழி என்பது என் கருத்து. திறந்தநிலைப் பள்ளியைத் தேர்வோர், தாம் நாடும் வேலையின் அறிவிப்பில் கல்வித் தகுதி எப்படிக் கூறப்பட்டிருக்கிறது என்பதை ஒரு முறை வாசித்துவிட்டுச் சேரட்டும். பாடத் தேர்விலும் கவனம் வேண்டும். எளிதாக இருக்கிறதென்று கணக்கையும் ஆங்கிலத்தையும் விட்டுவிட்டு ஐந்து பாடம் எடுத்தால் சான்று கிடைக்கும். ஆனால் கிராம அஞ்சல் ஊழியர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. அதற்குப் பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்துத் தேறியிருக்கவேண்டும். அதுபோலத் தமிழை விடவும் கூடாது. 2021 டிசம்பர் அரசாணைக்குப் பின் தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு எடுத்தால்தான் மற்றத் தாளையே திருத்துவார்கள்.

பத்தாம் வகுப்பு அப்படி எதைத் திறந்துவிடுகிறது என்று சில பெரியவர்கள் கேட்கலாம். “பட்டம் வாங்கியவனே மாடு மேய்க்கிறான்” என்ற வழக்கமான பேச்சையும் நான் கேட்டிருக்கிறேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் நம் ஊர்களில் அன்றாடம் தட்டப்படும் சில கதவுகளை எண்ணிப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் பதவிகளுக்கான தொகுதி நான்கு தேர்வுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு. தொழிற்பயிற்சி நிலையங்களில் எட்டாம் வகுப்போடு சேரக்கூடிய பிரிவுகள் சிலவே. பொருத்துநர், மின்பணியாளர் போன்ற நல்ல பிரிவுகளுக்குப் பத்து வேண்டும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக எண்ணுகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டில், குடிபெயர்வு அனுமதி பெற்றே அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகமுடியும் என்ற கட்டுப்பாடு சேர்கிறது. தேறியவருக்கு அது இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே தரகர்கள் பொய்ச் சான்றை விற்கிறார்கள் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

படியைத் தாண்டிக் குதிப்பதும் ஆபத்து. பத்தும் பன்னிரண்டும் இல்லாமலே நேரே பட்டம் என்று ஒரு காலத்தில் பலர் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தார்கள். 2009இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், அதே ஆண்டில் தமிழக அரசாணையும், அப்படிப் பெற்ற பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று தெளிவாக்கிவிட்டன. பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்ற வரிசையில் வந்தால்தான் பயன்.

ஊராட்சிப் பொறுப்புக்கு வர எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹரியானாவில் 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் ஊராட்சித் தேர்தலில் நிற்பதற்கே படிப்புத் தகுதி வைத்தார்கள். பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு என்றும், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அதிலும் குறைவாகவும் வைத்தார்கள். உச்ச நீதிமன்றமும் அவ்வாண்டு டிசம்பரில் அதை ஏற்றது. ராஜஸ்தானில் அப்படி வைத்ததை 2019இல் நீக்கிவிட்டார்கள். நம் தமிழ்நாட்டு 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தில் அத்தகைய தகுதி ஏதுமில்லை. இருக்கவும் வேண்டாம் என்பது என் சொந்த எண்ணம். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த தலைவர்கள் ஏரிக்கரையைக் காத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே தலைவர்கள், செலவுச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் தணிக்கையில் மாட்டிக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன்.

இனி, எப்படிப் படிப்பது? புத்தகம் ஒரு தடையே அன்று. பாடநூல்கள் அனைத்தும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் ஒரு கட்டம் போட்ட சதுரக் குறி அச்சிட்டிருக்கிறார்கள். கைப்பேசியை அதன்மேல் காட்டினால் பாடத்தின் காட்சி விளக்கம் திறக்கும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் இருக்கிறது. இவையெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டன. வராதது ஒன்றுதான்: இரண்டு மணி நேர அமைதி. எந்தத் திட்டத்திலும் அதற்கு நிதி ஒதுக்கீடு இல்லை. மாடு கறந்து, சோறாக்கி, பிள்ளைகளை உறங்க வைத்தபின் இரவு பத்து மணிக்கு ஒரு பெண் கணக்கைத் திறந்தால் எத்தனை நாள் நடக்கும்? வீட்டிலேயே படிக்கலாம் என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். வீடு பெண்ணுக்கு வேலைத்தலம் என்பதை மறந்துவிடுகிறோம்.

இங்கேதான் ஊராட்சி உதவ முடியும். 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினோம். பின்னர் பழுதும் பார்த்தோம். அவற்றில் பல இப்போது பூட்டுக்குள் இருக்கின்றன. ஒன்றிரண்டில் பந்தல் கம்பும் தேர்தல் பெட்டியும் இருப்பதைக் கண்ணால் கண்டேன். அந்த அறையைத் துப்புரவு செய்து, இரண்டு விளக்குப் போட்டு, மாலை 6 முதல் 8 வரை திறந்து வைத்தால் போதும். பட்டம் படித்த பெண்ணோ பையனோ ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். 2021 அக்டோபரில் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் எங்கும் பரவிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்த கைக்குத் தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுப்பது கடினமாகாது. ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்பதே பாதிப் படிப்பு.

கணக்கு என்றதும் எல்லாரும் அஞ்சுகிறார்கள். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளின் அமைப்பைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இரண்டு மதிப்பெண் வீதம் பத்து. ஐந்து மதிப்பெண் வீதம் பத்து. கடைசியில் எட்டு மதிப்பெண் வீதம் இரண்டு. ஒன்று கவராயம், அளவுகோல் கொண்டு வரையும் வடிவியல், மற்றது வரைபடம். வரைவது இரண்டையும் கைப்பழக்கமாக்கிக்கொண்டால் 16. ஒரு மதிப்பெண் கேள்விகளில் பத்து சரியாக இருந்தால் 26. இரண்டு மதிப்பெண் கேள்விகளில் ஐந்து போட்டால் 36. தேர்ச்சிக்கு வேண்டியது 35. கட்டட மேஸ்திரியாக இருப்பவனுக்குக் கவராயம் பிடிக்கத் தெரியாதா? கல்லுக்கால் நட்டு நிலத்தை அளந்து வாய்க்கால் வெட்டுகிறவனுக்கு வடிவியல் வராதா? பள்ளியில் அவனிடம் அதை அப்படிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த நகரைப் பற்றியும் சொல்லவேண்டும். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் பாதையில் பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் வருகிறது. தேநீர்க் கடை, பூக்கடை, செருப்புக் காவல், தங்கும் விடுதி, தண்ணீர்ப் பாட்டில் என்று அந்தக் கூட்டத்தை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. ஒன்பதாம் வகுப்புப் பையன் பௌர்ணமிக்கு ஒரு நாள் பள்ளிக்குப் போகாமல் கடையில் நிற்கிறான். கையில் காசு புரள்கிறது. பிறகு விடுமுறை நாளெல்லாம். கார்த்திகைத் தீபத்துக்குப் பத்து நாள். அடுத்த ஆண்டு அவன் பெயர் வருகைப் பதிவேட்டில் இல்லை. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டமும் பதினான்கு வயதோடு, எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்த படியில்தான் நம் பிள்ளைகள் இடறி விழுகிறார்கள். ஜவ்வாது மலையிலோ காரணம் வேறு. ஜமுனாமரத்தூருக்கு அப்பால் உள்ள குக்கிராமங்களிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு நடக்கும் தூரமும், குடும்பத்தோடு கூலிக்குப் போய்விடும் பருவமும். காரணம் எதுவாயினும் விட்ட இடத்திலிருந்து தொடர வழி இருக்கிறது என்று அவர்களுக்கு எவராவது போய்ச் சொல்லவேண்டும். அஞ்சல் வழிச் செய்தி அங்கே எட்டாது, ஆள்தான் போகவேண்டும்.

ஒரு வேண்டுகோள். படிப்பை விட்டவர்களின் பட்டியலைத் தயாரிக்கச் சொன்னால், சிலர் ஆர்வ மிகுதியால் அதைக் கிராம சபையில் வாசித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நாற்பது வயதுக்காரர் ஒருவரின் பெயரை ஊர் நடுவே ‘ஒன்பதாம் வகுப்பு’ என்று வாசித்தால் அவர் நூலகத்தின் பக்கமே வரமாட்டார். கிராம சபையில் பொதுவாக அறிவியுங்கள். தேர்வு நாள், விண்ணப்ப நாள், சேவை மையம் இருக்குமிடம் ஆகியவற்றைப் பலகையில் எழுதி வையுங்கள். பெயரைக் கேட்பது வீடு தேடிச் சென்று, தனியாக. பெண்களிடம் குழுவின் பெண்களே கேட்கட்டும்.

அந்த அம்மையாரின் கதையை முடிக்கவேண்டும் அல்லவா? பணம் திரும்பி வரவில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கச் சொன்னேன். கணவரின் கௌரவம் என்று மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு நானே அழைத்துப் போய் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதியச் செய்தேன். பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு அமிலக் குடுவையைப் பிடித்து நின்றபோது கை நடுங்கியது என்று சொல்லிச் சிரித்தார். மார்ச்சில் ஐந்து தேர்வும் எழுதினார். நான்கில் தேர்ச்சி, கணக்கில் 29. துணைத்தேர்வு ஆடிப்பட்ட விதைப்பு நேரத்தில் வந்தது. பகலில் மணிலா விதைத்துவிட்டு, இரவில் வட்டம் வரைந்து பழகினார். 41 எடுத்துத் தேறினார். ஆனால் அதற்குள் அங்கன்வாடி வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். அது நியாயமே, இவரிடம் உரிய நாளில் சான்று இல்லை. “வேலை போனால் போகட்டும் ஐயா, இந்தத் தடவை நகலில் தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள்” என்று அதே மேசைக்கு வந்தார். வாரியத்தின் பெயரை வாசித்துப் பார்த்துவிட்டே போட்டேன். இப்போது அவர் ஊர் நூலகத்தில் மாலையில் ஏழு பேருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார்; தாமும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் படிக்கிறார்.

வாயிலருகே உள்ள மேசையில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். நூலக அறையை மாலையில் திறந்து வைக்கச் சம்மதிக்கும் ஊராட்சியின் பெயரையும், சாவி எவரிடம் இருக்கும் என்பதையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். விளக்கு இல்லாத இடத்துக்கு நம் அலுவலகத்திலிருந்து ஆள் அனுப்புகிறேன். செய்முறைப் பயிற்சிப் பதிவு அறிவிப்பு வந்த அன்றே எழுதிய ஊர்களுக்கெல்லாம் தகவல் வரும். தேநீர் ஆறுகிறது, கேள்வி இருந்தால் அங்கேயே பேசிக்கொள்ளலாம்.